பாலாடைக் காலை

எங்கள் கல்லூரிக்கு அக்டோபர் மாதத்தில் நாடி வந்தது. அதற்கு முன் அது உயிரோடுதான் இருந்ததா என்று யாரும் தொட்டுப் பார்த்ததில்லை.

நாடி என்பது இணையவழிக் கற்பித்தல் தளத்தின் முகப்பில், ஒவ்வொரு பாடத்தின் பெயருக்கும் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன முள். பாடத்தின் கலந்துரையாடல் பக்கத்தில் மாணவர்கள் எழுத எழுத முள் நகரும். சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு, மஞ்சளிலிருந்து பச்சைக்கு. யாரும் எழுதாவிட்டால் சிவப்பிலேயே படுத்துக் கிடக்கும். இதைக் கொண்டுவந்தவர் துணை முதல்வர் டாக்டர் பஹ்கத். மேலாண்மை நடத்துபவர். தினமும் காலையில் அறைக்கு வந்ததும், கடலைப் பார்த்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, திரையில் எங்கள் எல்லோருடைய நாடியையும் வரிசையாகப் பிடித்துப் பார்ப்பார். அலெக்ஸாந்திரியாவில் கடலுக்கு முதுகு காட்டி உட்காரும் மனிதரை நாங்கள் பொதுவாக நம்புவதில்லை.

விதி எளிமையானது. டிசம்பர் முதல் ஞாயிறன்று (எங்கள் ஊரில் ஞாயிறு வேலைநாள்) எந்தப் பாடத்தின் முள் சிவப்பில் இருக்கிறதோ, அந்தப் பாடம் அடுத்த பருவத்திலிருந்து பதிவுப் பாடமாகிவிடும். தலைநகரில் யாரோ எப்போதோ பேசிவைத்த காணொளிகள் வரும். ஆசிரியர் வேண்டியதில்லை. அவர் ஒப்பந்த ஆசிரியராக இருந்தால், நன்றி சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள்.

பதிவுப் பாடம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். பொருளாதாரப் புவியியல், அதன் ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அப்படித்தான் ஆனது. நீலக் கோட்டு போட்ட ஒருவர், புத்தக அலமாரிப் படம் அச்சிட்ட துணிக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை சொல்வார். வேகத்தை இரட்டிப்பாக்கிக் கேட்டால் வாத்து பேசுவது போல இருக்கும். சாதாரண வேகத்தில் கேட்டால், தூங்கப்போகும் வாத்து.

அந்த அக்டோபரில் பட்டியலின் அடியில், சிவப்பிலும் சிவப்பாகக் கிடந்தது புள்ளியியல். நடத்துபவர் டாக்டர் ஸஃபினாஸ். ஒப்பந்த ஆசிரியர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கல்லூரியிலேயே இணையத்தை உருப்படியாகப் பயன்படுத்தியவர் அவர் ஒருவர்தான். மூலையில் விரிசல் விட்ட கைப்பேசியோடு விடியற்காலையில் மீன்சந்தைக்குப் போய் நின்று, மூன்று நிமிடக் காணொளிகள் எடுத்து அனுப்புவார். ஒன்றில், தராசில் பத்து மத்தி மீனை வைத்து, கூடவே ஒரு குட்டிச் சுறாவையும் தூக்கி வைத்து, "இப்போ சராசரி மீனோட எடை என்ன? கணக்குப் போட்டாச்சா? சரி, அந்த எடையில இந்தக் கூடையில ஒரு மீனைக் காட்டு பாப்போம்!" என்று கேட்பார். பின்னாலிருந்து மீன்காரர், "டாக்டரம்மா, சுறாவைக் கீழ வைங்க, வாங்குற ஆள் வந்துட்டார்" என்பார். சராசரி என்பது சில நேரம் கடலிலேயே இல்லாத மீன் என்பது இந்தப் பாடத்தில் இரண்டு வருடம் தோற்ற எனக்கு அன்றுதான் புரிந்தது. இது போக, எல்லோரும் கைப்பேசியிலிருந்தே நிரப்பும் ஒரு பொது விரிதாள் வைத்திருந்தார். ட்ராமுக்கு யார் எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்று அதில் போட்டுக்கொண்டே வருவோம். ஆனால் காணொளியும் விரிதாளும் கல்லூரித் தளத்துக்கு வெளியே இருந்தன. வெளியே நடப்பது எதுவும் நாடிக்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரை நாங்கள் செத்த வகுப்பு.

நாங்கள் ஏன் தளத்தில் எழுதவில்லை என்றால், அதற்கு நியாயமான காரணம் இருந்தது. தளத்தில் ஒரு வரி எழுதினால், அதன் தலையில் தேசிய அடையாள அட்டையில் இருக்கிற நான்கு அடுக்குப் பெயர் முழுசாக விழும். பக்கத்தில் அட்டையில் இருக்கிற அதே படம். அந்தப் படத்தில் என்னைப் பார்த்தால், நானே என்னைப் பிடித்துக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுவேன். பெயர், ஷாதி ஃபிக்ரி அத்திய்யா ஸெய்தான். ஷாதி நான். ஃபிக்ரி அப்பா. அத்திய்யா தாத்தா. ஸெய்தான், மீன்வலை பின்னி நல்ல பெயரோடு போய்ச் சேர்ந்த கொள்ளுத்தாத்தா. 'இடைநிலை அளவு என்றால் என்ன?' என்று ஒரு கேள்வி கேட்பதற்கு நான்கு தலைமுறையைக் கூட்டி வந்து நிறுத்துவது முறையா?

ஆகவே சந்தேகமெல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் நடந்தது. குழுவின் பெயர் 'புள்ளியியல் அகதிகள்'. அதில் டாக்டர் ஸஃபினாஸைச் சேர்க்கவில்லை. அவர் முகத்தை வைத்துச் செய்த ஒட்டுப்படங்கள் நிறைய இருந்ததால், மரியாதை கருதி.

நவம்பரில் அந்தக் குழுவில் அவசரக் கூட்டம் போட்டோம். கூட்டியவள் நெர்மீன், வகுப்பின் முதல் மாணவி.

"டிசம்பர்ல முள்ளு சிவப்புல இருந்தா டாக்டர் போயிடுவாங்க. அடுத்த பருவம் புள்ளியியல் ரெண்டாம் பாகத்தை வாத்துதான் நடத்தும். ஆளுக்கொரு கேள்வி போடுங்க. அவ்வளவுதான்."

"என்ன கேள்வி?" என்றான் கிர்கிஸ். என் பக்கத்து இருக்கைக்காரன்.

"உனக்குத் தெரியாததைக் கேளு."

"எனக்குத் தெரியாததை எல்லாம் கேட்டா தளம் தாங்காது, நெர்மீன். படுத்துடும்."

"ஒண்ணே ஒண்ணு கேளுடா!"

"நீ முதல்ல கேளு."

"எனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

கூட்டம் அத்துடன் கலைந்தது. அன்று ட்ராமில் போகும்போது நான் துணிந்து தளத்தைத் திறந்து ஒரு கேள்வியைத் தட்டச்சு செய்தேன். மேலே ஸெய்தானின் பெயர் வந்து நின்றது. அழித்துவிட்டு வெளியே கடலைப் பார்த்தேன்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் டாக்டர் ஸஃபினாஸைப் படிக்கட்டில் பிடித்தேன்.

"டாக்டர், நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். எல்லாரும் எழுதிடுவாங்க. முள்ளு நகந்துடும்."

"கெஞ்சி வாங்குறது தரவு இல்லப்பா, பிச்சை," என்றார். அவர் காலில் எப்போதும் ஓட்டப்பந்தயக் காலணி இருக்கும். நாலு படி முன்னால் போனவர் திரும்பி நின்றார். "எனக்கு இந்த வேலை வேணும், ஷாதி பாஷா. ரொம்பவே வேணும். ஆனா நானே முள்ளைத் தள்ளிவிட்டுட்டு, நாளைக்கு எந்த மூஞ்சியோட உங்களுக்குப் புள்ளியியல் நடத்துறது?"

நல்ல கேள்வி. ஆனால் அதையும் தளத்தில் கேட்காமல் படிக்கட்டில் கேட்டுவிட்டார்.

*

நவம்பர் கடைசி வாரத்தில் வழக்கமான புயல் வந்தது. கடல் சாலைக்கு ஏறி வந்து கார்களைக் கழுவிவிட்டுப் போனது. எங்கள் வகுப்பறைக் கூரை ஒழுகியது. அறை மாற்றத்தைத் தளத்தில்தான் அறிவிக்க வேண்டும் என்பது பஹ்கத்தின் இன்னொரு விதி. ஆகவே டாக்டர் ஸஃபினாஸ் அன்று காலை, கலந்துரையாடல் பக்கத்தில் முதன்முறையாக ஒன்று எழுதினார்.

'நன்மைக் காலை. கூரை ஒழுகுவதால் இன்றைய வகுப்பு ஆறாம் அறையில்.'

அவர் செய்த பிழை, எங்கள் ஊரில் காலை வணக்கமாகச் சொல்லும் அந்த முதல் இரண்டு சொற்கள். வெறுமனே 'ஆறாம் அறை' என்று போட்டிருந்தால், நாங்கள் பேசாமல் ஆறாம் அறைக்குப் போயிருப்போம். ஆனால் ஒருவர் 'நன்மைக் காலை' என்று சொன்ன பிறகு பேசாமல் போவதற்கு நாங்கள் என்ன பூனையா, நாயா?

பின் வரிசைப் பெண் ஒருத்தி முதலில் எழுதினாள்: 'ஒளிக் காலை, டாக்டர்.'

அது சரியான பதில். ஆனால் அது முடிந்துபோன பதில் அல்ல. வாங்கிய வாழ்த்தை அதே எடையில் திருப்பிக் கொடுப்பவன் கஞ்சன். கொஞ்சம் கூட்டித்தான் கொடுக்க வேண்டும். அடுத்து வந்த கிர்கிஸ், 'மல்லிகைக் காலை' என்றான். முதல் மாணவி நெர்மீன் மல்லிகைக்கு அடுத்த இடத்தில் நிற்பவள் இல்லை. 'ரோஜாவும் மல்லிகையும் சேர்ந்த காலை' என்றாள். நான் ட்ராமில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, இன்னொரு கையால் 'பாலாடைக் காலை' என்று போட்டேன். இறங்குவதற்குள் யாரோ அதில் தேன் ஊற்றிவிட்டார்கள்.

இதுவாவது ஆசிரியருக்கு. சக மாணவன் வாழ்த்தும்போது ஆசிரியருக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு அவனைத் தாண்டிப் போவது அவமரியாதை. ஆகவே ஒவ்வொருவரும் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அத்தனை நாள் எங்களை எழுதவிடாமல் தடுத்த நான்கு அடுக்குப் பெயர், இப்போது எழுதாமல் இருக்கவிடவில்லை. ஸெய்தானின் கொள்ளுப்பேரன் வாழ்த்துக்குப் பதில் சொல்லாதவன் என்று எழுத்தில் பதிவாகிவிட்டால் குடும்பம் என்ன ஆகும்? நான் பாலாடையில் பிஸ்தா தூவினேன்.

நண்பகல் தாண்டியதும் எங்கள் வழக்கப்படி காலை முடிந்து மாலை பிறந்தது. 'நன்மை மாலை' என்று எவனோ தொடங்கினான். எல்லாம் முதலிலிருந்து.

முள் காலையில் சிவப்பில் இருந்தது. வகுப்பு முடியும்போது மஞ்சள். மதியத் தேநீருக்குப் பச்சை. வீட்டுக்குப் போகும்போது பச்சையையும் தாண்டி, நிறமே பூசாத ஒரு வெள்ளை இடத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அவ்வளவு தூரம் எந்தப் பாடமும் போகும் என்று முள்ளைச் செய்தவர்களே நினைக்கவில்லை போலிருக்கிறது.

*

மறுநாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே டாக்டர் பஹ்கத் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். கைதட்டிக்கொண்டே வந்தார்.

"புள்ளியியல்! யாரு நினைச்சா? மொத்தக் கல்லூரியிலயும் முதல் இடம்! டாக்டர் ஸஃபினாஸ், உங்களைத் தப்பா எடை போட்டுட்டேன்னு எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிறேன்."

டாக்டர் ஸஃபினாஸ் கையில் சுண்ணாம்புக்கட்டியோடு நின்றார். முந்தைய நாள் அறிவிப்பு போட்டதோடு சரி, அவர் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"வர்ற ஞாயித்துக்கிழமை தர மதிப்பீட்டுக் குழு வருது," என்றார் பஹ்கத். "அரங்கத்துல பெரிய திரை. முதல்ல நாடியைக் காட்டுறேன். அப்புறம் உங்க பக்கத்தை நேரடியா திறந்து காட்டுறேன். மாணவர்களுக்குள்ள நடக்குற அறிவு விவாதம்! கண்ணால பாக்கட்டும்!"

கிர்கிஸ் கையைத் தூக்கினான். "டாக்டர், உள்ள என்ன எழுதியிருக்குன்னு நீங்க படிச்சுப் பாத்தீங்களா?"

"நாடி பாக்குற வைத்தியன் வயித்தைக் கிழிச்சுப் பாக்கணுமாப்பா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கதவு மூடியதும் டாக்டர் ஸஃபினாஸ் பக்கத்தைத் திறந்தார். படித்தார். உருட்டினார். படித்தார். பிறகு வாய்விட்டு வாசித்தார், கடைசி வரிசைவரை கேட்கும்படி.

"'தேன் ஊற்றி, பிஸ்தா தூவிய பாலாடைக் காலை, என் கண்மணிகளே.' ஷாதி ஃபிக்ரி அத்திய்யா ஸெய்தான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அதாவது, சத்தமாகச் சிரிக்கவில்லை.

"அழிச்சிடலாம் டாக்டர்," என்றான் கிர்கிஸ்.

"முடியாது," என்றாள் நெர்மீன். "நேத்தே பாத்தேன். எழுதினதை அழிக்கணும்னா துணை முதல்வர் அனுமதி வேணும்."

எனக்கு ஒரு யோசனை வந்தது. "மூடிடலாம் டாக்டர். பாடப் புத்தகத்திலிருந்து ஆளுக்கு இருபது பத்தி எடுத்து மேல மேல போட்டா, பூவெல்லாம் அடியில போயிடும்."

"பிணத்து மேல பூவைப் போடுவாங்க, கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் டாக்டர் ஸஃபினாஸ். "நீ பூ மேல பிணத்தைப் போடச் சொல்றே. வேணாம். குழுகிட்ட நானே உண்மையைச் சொல்லிடறேன்."

"அப்போ உங்க வேலை?"

அவர் கையிலிருந்த சுண்ணாம்புக்கட்டியை மேசைமேல் வைத்தார். மழை விட்டும் ஆறாம் அறைக் கூரையும் ஒழுக ஆரம்பித்திருந்தது. வாளியில் சொட்டு விழும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த நேரம் பார்த்து கிர்கிஸ், தன் வாழ்நாளில் செய்த ஒரே அறிவியல் பணியைச் செய்தான்.

"எல்லாம் நெர்மீனாலதான். அவ ரோஜாவைக் கலந்ததுக்கு அப்புறம்தான் வெள்ளம் வந்துச்சு."

"நானா? நீ மல்லிகையைப் போடலைன்னா நான் ஏன் ரோஜாவுக்குப் போகப் போறேன்? ஒளியோட நின்னிருக்கும்!"

"மல்லிகை சாதாரணம்! எங்க வீட்டுல பால்காரருக்கே மல்லிகைதான் சொல்வோம்!"

"பாலாடை போட்டது யாரு? அதைக் கேளு முதல்ல!"

"தேனை விட்டுட்டீங்களே!" என்றேன் நான்.

வகுப்பு முழுக்க எழுந்து நின்று கத்தியது. டாக்டர் ஸஃபினாஸ் மேசையை இரண்டு தட்டுத் தட்டினார். அவர் முகத்தில் மீன்சந்தைக் காணொளியில் வரும் அந்தக் களை வந்திருந்தது.

"யாரால வெள்ளம் வந்துச்சுன்னு கத்திக் கண்டுபிடிக்க முடியுமா? எப்படிக் கண்டுபிடிப்பே, நெர்மீன்? சொல்லு, கிர்கிஸ்? ஒவ்வொரு வாழ்த்துக்கும் நேரம் பதிவாகியிருக்கு. யார் எழுதினது, யாருக்கு, என்ன பூ, அடுத்தது எவ்வளவு நேரத்துல வந்துச்சு. எல்லாம் இருக்கு. ட்ராம் கணக்கை மூடிட்டு விரிதாள்ல புதுப் பக்கம் திறங்க."

இரண்டு வருடம் தோற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு புள்ளியியல் கேள்விக்கு விடை தெரிந்தே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அதுதான் முதல் தடவை.

அன்றே ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து நிரப்பினோம். நெர்மீன் ரோஜாவின் மேல் பழி இல்லை என்று காட்ட ஒரு வரைபடம் போட்டாள். போட்டதைத் தளத்தின் கலந்துரையாடல் பக்கத்திலேயே போட்டாள், உலகம் பார்க்கட்டும் என்று. அவ்வளவுதான். நான்கு அடுக்குப் பெயரோடு குற்றம் சாட்டப்பட்ட கிர்கிஸ் அங்கேயே பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். 'உன் சராசரியில் சுறா இருக்கிறது, இடைநிலையை எடு' என்று எழுதினான். 'இடைநிலையை எப்படி எடுப்பது?' என்று கேட்டேன் நான். ஸெய்தான் பெயரோடு கேட்டேன். அடுத்தவனை மாட்டிவிடக் கேட்கும் கேள்வியில் வெட்கம் தெரிவதில்லை. ஏழு பேர் விளக்கினார்கள். அதில் மூன்று விளக்கம் சரி.

சனிக்கிழமைக்குள் விடை வந்துவிட்டது. மல்லிகை குற்றவாளி இல்லை. ரோஜாவும் இல்லை. மொத்த வாழ்த்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒரே ஆள் எழுதியிருந்தான். அவனை எடுத்துவிட்டுப் பார்த்தால், எல்லாம் சாதாரணமான, நாகரிகமான வகுப்பு.

நெர்மீன் அந்த ஒற்றைப் புள்ளியைச் சுற்றி ஒரு சுறா வரைந்து என் பெயரை எழுதினாள்.

*

டிசம்பர் முதல் ஞாயிறு. குழுவுக்காக அரங்கத்தை நிரப்ப, டாக்டர் பஹ்கத் தன் மேலாண்மை வகுப்பு முழுவதையும் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார். நாங்கள் ஓரமாக இரண்டு வரிசை. குழுவின் தலைவர் டாக்டர் இக்லால், சாம்பல் நிறக் கோட்டு, மடியில் பெரிய கைப்பை, அதிலிருந்து அவ்வப்போது ஒரு மிட்டாய். டாக்டர் ஸஃபினாஸ் எங்கள் வரிசையின் முனையில் உட்கார்ந்து, காலணிக் கயிற்றை மூன்றாவது தடவையாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளைப் பகுதியில் முட்டி நிற்கும் முள்ளை பஹ்கத் திரையில் காட்டினார். கைதட்டல். பிறகு பக்கத்தைத் திறந்தார். கடவுள் புண்ணியத்தில் அது முதல் நாள் பதிவுகளிலிருந்து திறந்தது. அரங்கத்தின் முழு அகலத்துக்கு என் அடையாள அட்டை முகம் தோன்றியது. கீழே பாலாடை.

டாக்டர் இக்லால் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். நிதானமாகப் படித்தார். மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார்.

"டாக்டர் பஹ்கத், இது புள்ளியியல் வகுப்பா, பலகாரக் கடையா?"

பஹ்கத் உருட்டினார். ரோஜா வந்தது. வேகமாக உருட்டினார். மல்லிகை, தேன், 'மாலை மலர்க் கொத்து', மறுபடி நான்.

டாக்டர் ஸஃபினாஸ் எழுந்தார். "அது என் வகுப்புங்க. நான் சொல்றேன்," என்று மேடைக்குப் போனார். "நீங்க பாக்குறது அறிவு விவாதம் இல்ல. நான் ஒரு நன்மைக் காலை சொன்னேன். பசங்க நல்லா வளர்ந்த பசங்க. பதில் சொன்னாங்க. அன்னைக்கு இந்தப் பக்கத்துல வந்த ஒரே பாடக் கேள்வி, 'ஆறாம் அறை எங்கே இருக்கு?' முள்ளு அதையும் இதையும் ஒண்ணாத்தான் எண்ணுது. அது அளக்குறது படிப்பை இல்ல, மரியாதையை."

"அது எப்படி அப்படிச் சொல்ல முடியும்?" என்றார் பஹ்கத். "ஒரு வகுப்பை வச்சு..."

"சரிதான், ஒரு வகுப்பை வச்சு சொல்லக் கூடாது," என்றார் ஸஃபினாஸ் உடனே. "இன்னொரு வகுப்புல சோதிக்கணும்."

டாக்டர் இக்லாலுக்கு அது பிடித்திருந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்க மேலாண்மைப் பக்கம் இப்போ எந்த நிறம், டாக்டர் பஹ்கத்?"

மஞ்சள். அவரே கேள்வி கேட்டு, அவரே 'அருமையான கேள்வி' என்று பதில் எழுதி, பருவம் முழுக்க மூச்சைப் பிடித்து மஞ்சளில் வைத்திருந்தார்.

"அதுல ஒரு நன்மைக் காலை போடுங்களேன்."

"இப்பவா?"

"காலை இன்னும் முடியலையே."

திரையில் எல்லோரும் பார்க்க, பஹ்கத் ஒரு விரலால் தட்டினார். 'நன்மைக் காலை.' அனுப்பினார்.

அரங்கத்தில் அவருடைய மாணவர்கள் அனைவரின் கைப்பேசியும் ஒன்றாகச் சிணுங்கியது. துணை முதல்வர் முன்னால் உட்கார்ந்துகொண்டு கைப்பேசி எடுப்பதா? ஆனால் துணை முதல்வரே வாழ்த்தியிருக்கும்போது எடுக்காமல் இருப்பதா? நடு வரிசையில் ஒருவன் தலையைக் குனிந்தான். திரையில் 'ஒளிக் காலை, டாக்டர்' என்று வந்தது. அதோடு அணை உடைந்தது. ரோஜா, மல்லிகை, எங்கள் வகுப்புக்குத் தோன்றாத ஆரஞ்சுப் பூ, 'கடலோரக் காலை', 'எங்கள் துணை முதல்வருக்கு அத்திப்பழக் காலை'. பெண்கள் வரிசை ஆண்கள் வரிசைக்குப் பதில் சொன்னது. முள் துடித்தது. பரிமாறிய தேநீர் ஆறுவதற்குள் பச்சை.

கடைசியாக விருந்தினர் பெயரில் ஒரு பதிவு வந்தது. 'ஒளிக் காலை.' டாக்டர் இக்லால் கைப்பேசியைக் கைப்பைக்குள் போட்டபடி, "என்ன பண்றது, பதில் சொல்லாம உக்காந்திருக்க முடியலையே," என்றார்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. பஹ்கத்தும் சிரித்தார். வேறு வழியும் இல்லை. அவருக்கும் அதுவரை முப்பது பேர் வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள்.

"சரி, முதல் நாள் பூ. அடுத்த நாள்களைக் காட்டுங்க," என்றார் இக்லால். ஸஃபினாஸ் உருட்டினார். நெர்மீனின் வரைபடம் வந்தது. கிர்கிஸின் மறுப்பு. ஏழு விளக்கங்கள். எந்த மூன்று சரி என்று நடந்த சண்டை. இக்லால் மிட்டாயைக் கடித்துவிட்டு முழுவதும் படித்தார். பிறகு திரும்பினார்.

"இதுல சுறா யாரு?"

நான் எழுந்தேன். அடையாள அட்டையில் இருப்பதைவிட நல்லவனாகத் தெரிய முயன்றேன்.

"இடைநிலையை ஏன் எடுத்தீங்க, சராசரியை எடுக்காம?"

"என்னை மாதிரி ஒருத்தன் கூடையில இருந்தா சராசரி கெட்டுப்போயிடும், டாக்டர். எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு நடுவுல நிக்கிறவனைக் கேக்கணும். நான் ஓரத்துல நின்னு எவ்வளவு கத்தினாலும் நடுவுல நிக்கிறவன் மாற மாட்டான்."

"இந்தப் பாடம் உனக்கு எத்தனாவது தடவை?"

"மூணாவது, டாக்டர்."

"இந்தத் தடவை தேறிடுவியா?"

"தேறிடுவேன்னுதான் நினைக்கிறேன். ஆனா ஒரே ஒரு ஆளை வச்சு எந்த முடிவுக்கும் வரக் கூடாதுங்க."

அவர் டாக்டர் ஸஃபினாஸைப் பார்த்தார். டாக்டர் ஸஃபினாஸ் கூரையைப் பார்த்தார். ஒழுகாத கூரையை எதற்குப் பார்த்தார் என்று கிர்கிஸ் என்னைக் கேட்டான். கண் கலங்கினால் எல்லோரும் செய்வதுதான் என்று சொன்னேன்.

குழு தன் அறிக்கையில், நாடியை வைத்து எந்தப் பாடத்தையும் மூடக் கூடாது, எந்த ஒப்பந்தத்தையும் முறிக்கக் கூடாது என்று எழுதியது. மீன்சந்தைக் காணொளிகளையும் பொது விரிதாளையும் மற்றத் துறைகளுக்கும் காட்டச் சொன்னது. டாக்டர் ஸஃபினாஸின் ஒப்பந்தம் நீண்டது. அந்தச் செய்தி வந்த அன்று, வகுப்புக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், 'புள்ளியியல் அகதிகள்' குழுவில் தன்னைச் சேர்க்கச் சொன்னது. ஒட்டுப்படங்களைப் பார்த்துவிட்டு, "இந்த மூக்கு என் மூக்கு இல்ல" என்று மட்டும் சொன்னார். புள்ளியியல் இரண்டாம் பாகத்தை அவரேதான் நடத்துகிறார். முதல் பாகத்தில் நான் தேறிவிட்டேன். மதிப்பெண்ணை இங்கே சொல்லத் தேவையில்லை. இடைநிலைக்குச் சற்றுக் கீழே.

டாக்டர் பஹ்கத் தோற்றுப்போகிற மனிதர் இல்லை. நாடி கெட்டதற்குக் காரணம் வாழ்த்துகள், ஆகவே வாழ்த்துகளை நிறுத்திவிட்டால் நாடி சரியாகிவிடும் என்று முடிவு கட்டினார். போன வாரம் தளத்தின் பொது அறிவிப்புப் பக்கத்தில், ஆசிரியர்கள், மாணவர்கள், ஊழியர்கள் எல்லோருக்குமாகச் சுற்றறிக்கை போட்டார். இனி தளத்தில் எவரும் எவருக்கும் எந்த விதமான வாழ்த்தும் எழுதக் கூடாது. மீறினால் நடவடிக்கை. கண்டிப்பான அறிக்கை. நல்ல மொழிநடை.

எல்லாச் சுற்றறிக்கையும் போல அதுவும், 'உங்கள் அனைவர் மீதும் அமைதியும் இறைவனின் கருணையும் அவன் அருளும் உண்டாவதாக' என்று தொடங்கியது.

அதற்குப் பதில் சொல்லாமல் விடுவது பாவம். முதலில் பதில் சொன்னவர் முதல்வர். இரண்டாவது டாக்டர் ஸஃபினாஸ், ரொம்பப் பணிவாக. கிர்கிஸ் தன் பங்குக்கு அமைதியோடு கொஞ்சம் மல்லிகையும் சேர்த்தான். நான் விதியை மதிப்பவன். கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ட்ராமில் இரண்டு நிறுத்தம்வரை தாக்குப்பிடித்தேன். மூன்றாவது நிறுத்தத்தில், நான் பார்த்தேயிராத ஸெய்தானின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது.